சத்தியம் கேட்காத அறை

என் மகளின் தலையில் கை வைத்து, இனிக் குடிக்க மாட்டேன் என்று நான் சத்தியம் செய்தது மொத்தம் நான்கு முறை. முதல் முறை அவளுக்கு இரண்டு வயது. கடைசி முறை அவள் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிப்பதற்குள் என் கையைத் தன் தலையிலிருந்து தானே எடுத்துவிட்டு, "வேணாம்ப்பா" என்று மட்டும் சொன்னாள். குலதெய்வம் கோயிலில் பூசாரியின் கையால் கயிறு கட்டிக்கொண்டது இரண்டு முறை. ஐயப்பனுக்கு மாலை போட்டது பதினொரு ஆண்டுகள். இவற்றில் ஒன்றைக்கூட ஏமாற்றும் எண்ணத்தோடு நான் செய்யவில்லை. செய்த அந்த நேரத்தில் ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே என் வாயிலிருந்து வந்தது.

லால்குடிக்குப் பக்கத்து ஊர் எனக்கு. அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்று அழைக்கப்படும் குடிநோயாளிகளின் கூட்டத்திற்கு 2019 ஜனவரி முதல் போய்வருகிறேன். அந்த அமைப்பின் பெயரிலேயே பெயர் வெளியிடாமை என்பது இருப்பதால் என் பெயரை இங்கே எழுதவில்லை. பிறர் அங்கே சொன்னதை எழுத எனக்கு உரிமையும் இல்லை. என் கதையையும், கூட்டத்தைத் தேடிப் போகிறவருக்கும் அவர் வீட்டாருக்கும் பயன்படக்கூடிய செய்திகளையும் மட்டும் எழுதுகிறேன்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் 41 நாள் நான் குடிக்க மாட்டேன். அதை வைத்தே, 'இவரால் நினைத்தால் நிறுத்த முடியும்' என்று என் மனைவியும் நம்பினார், நானும் நம்பினேன். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடை வாசலில் நிற்பேன் என்பதை இருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 2018ஆம் ஆண்டு கார்த்திகையில் அதுவும் முடியாமல் போயிற்று. மாலை போட்ட ஒன்பதாம் நாள், கழுத்தில் மாலையோடே குடித்தேன். அடுத்து வந்த நாட்களிலும் குடித்தேன். பிறகு அந்தக் குற்ற உணர்வைத் தாங்க முடியாமல், யாரிடமும் சொல்லாமல், ஒரே நாளில் முழுவதுமாக நிறுத்தினேன். முதல் நாள் கை நடுங்கியது, வியர்த்தது, சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாள் தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் இரவு, சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகச் சொல்லி விளக்குமாற்றால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தேனாம். எனக்கு அது நினைவில் இல்லை. என் மைத்துனர் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகள் தினமும் குடித்த உடம்பு, குடியைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்தான நிலைக்குப் போகக்கூடும். நடுக்கம் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். இல்லாததைக் காண்பதும் கேட்பதும், நாள் கிழமை தெரியாமல் குழம்புவதும் இரண்டாம் மூன்றாம் நாட்களில் வரும். இதில் உயிர் போனவர்களும் உண்டு. மருத்துவமனையில் உறக்கத்திற்கும் நடுக்கத்திற்கும் மருந்து கொடுத்து அதன் அளவை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள், மூளையைக் காப்பதற்காக பி1 வைட்டமினை ஊசியில் ஏற்றுவார்கள். கூட்டம் மருத்துவத்திற்கு மாற்று அல்ல, அங்கே மருத்துவம் செய்வாரும் இல்லை. தினமும் குடிப்பவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பிறகு கூட்டத்திற்கு வர வேண்டும். வைராக்கியத்தை நிரூபிப்பதாக நினைத்து இந்த வரிசையை மாற்றுகிறவர்கள் என்னைப் போல் எறும்பு பார்ப்பார்கள், அல்லது அதைவிட மோசமானதைப் பார்ப்பார்கள்.

நான் மருத்துவமனையில் படுத்திருந்த அந்த நாட்களில், சோற்றில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை வெறுத்துவிடுவார் என்று ஒரு பொட்டலத்தை உறவினர் ஒருவர் என் மனைவியிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மனைவி அதை மருத்துவரிடம் காட்டினார். நல்ல வேளையாகக் காட்டினார். டைசல்ஃபிராம் என்ற மருந்து, அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்படி செய்யக்கூடியது. நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் தரும்போது அது மருந்து; தெரியாமல் கலந்து கொடுத்தால் கொலையில் முடியக்கூடும். பெயர் தெரியாத பொட்டலத்தில் என்ன இருந்தது என்பதை யார் அறிவார்?

வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த ஆலோசகர் ஒரு பட்டியலைக் கொடுத்தார். கூட்டம் நடக்கும் இடம், கிழமை, நேரம், ஒரு தொலைபேசி எண். வீட்டுக்குப் போனதும் அதைப் பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்தேன். மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது. பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, புறப்பட்டுத் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டே நடந்து போனால், பட்டியலில் இருந்த கட்டடத்தின் வாசலில் பூட்டு தொங்கியது. கூட்டம் ஓராண்டுக்கு முன்பே வேறு தெருவுக்கு மாறிவிட்டிருந்தது என்பதும் எனக்குக் கிடைத்த தாள் பழையது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பூட்டைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. 'நான் போனேன், அவர்கள்தான் இல்லை' என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? திரும்பி நடக்கத் தொடங்கியவன், எதனாலோ அந்த எண்ணை அழைத்தேன். வயதான குரல் ஒன்று, நான் முழுதும் சொல்வதற்குள்ளேயே, "அங்கேயே நில்லுங்க தம்பி, எங்கயும் போயிடாதீங்க" என்றது. இருபது நிமிடத்தில் பழைய டி.வி.எஸ். வண்டியில் ஒருவர் வந்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். அந்த அண்ணன் அன்று வந்திராவிட்டால் நான் எந்தக் கடையில் போய் நின்றிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தெருவின் முனையிலேயே அது இருந்தது.

ஆகவே, கூட்டத்தைத் தேடுகிறவர் பட்டியலை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். முந்தின நாளே எண்ணை அழைத்து, கூட்டம் நடக்கிறதா, வழி என்ன, வாசலில் யாராவது நிற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சமாக இருந்தால் மனைவியோ தம்பியோ கேட்கலாம். ஏ.ஏ. அமைப்பின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகத்தின் இணையதளத்தில் தொடர்பு விவரங்கள் கிடைக்கும். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்டால் அருகிலுள்ள கூட்டம் எது என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும். போதை மீட்புக்கான மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14446; மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416; தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். கேட்கும்போது 'திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா' என்பதையும் கேளுங்கள். திறந்த கூட்டத்திற்கு வீட்டார், நண்பர், மாணவர் என யாரும் வரலாம். மூடிய கூட்டம், குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். மனைவியையும் அழைத்துக்கொண்டு மூடிய கூட்டத்திற்கு வந்து, அவர் வெளியே திண்ணையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று அந்த அண்ணன் என்னை அழைத்துப்போன இடம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. குழந்தைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சுகளில் பதினான்கு பேர் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்கில் தேநீர், ஒரு தட்டில் பிஸ்கட். யாரும் என் பெயரைப் பதிவேட்டில் எழுதவில்லை, எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்கவில்லை. ஒருவர் அமைப்பைப் பற்றிய முன்னுரையை வாசித்தார். பிறகு ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்க, மற்றவர்கள் "வணக்கம்" என்றார்கள். பேசுகிறவரை யாரும் இடைமறிக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை, 'அப்படிச் செய்திருக்கக் கூடாது' என்று சொல்லவில்லை. என் முறை வந்தபோது, "இன்னைக்கு நான் கேட்டுக்கிறேன்" என்றேன். "சரி தம்பி" என்று அடுத்தவரிடம் போனார்கள். முதல் மூன்று கூட்டங்களில் நான் பேசவே இல்லை. பேசித்தான் ஆக வேண்டும் என்ற அச்சத்தால் வராமல் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூட்டம் முடியும் தறுவாயில், இப்போது சத்தியம் வாங்குவார்கள் என்று நான் காத்திருந்தேன். கற்பூரத்தை அணைக்கச் சொல்வார்களோ, ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்பார்களோ என்று நினைத்தேன். மாற்ற முடியாததை ஏற்கும் மன அமைதியையும் மாற்றக்கூடியதை மாற்றும் துணிவையும் வேண்டுகிற ஒரு சிறு பிரார்த்தனையைச் சொல்லிவிட்டு, பெஞ்சுகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார்கள். வண்டியில் என்னை அழைத்து வந்த அண்ணனிடம், "நான் என்ன உறுதி சொல்லணும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம். இன்னைக்கு ராத்திரி தூங்குற வரைக்கும் குடிக்காம இருங்க. முடியலைன்னா குடிக்கிறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணுங்க" என்றார்.

இதுதான் என் வாழ்க்கையில் நிகழ்ந்த மாற்றத்தின் தொடக்கம் என்று கருதுகிறேன். நம் வீடுகளில் குடியை வாக்குத் தவறும் குணமாகவே பார்க்கிறோம். எனவே குடிப்பவனிடம் மேலும் மேலும் பெரிய வாக்காகக் கேட்கிறோம், அவனும் கொடுக்கிறான், உடைத்த பிறகு அதை மறைக்கப் பொய் சொல்கிறான், அந்தப் பொய்யின் பாரத்தைத் தாங்கிக்கொள்ள மறுபடியும் குடிக்கிறான். ஏ.ஏ. குழுக்களின் பொது நெறிகளான மரபுகளில் மூன்றாவது, உறுப்பினராவதற்குத் தேவை குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே என்கிறது. அங்கே கேட்பது விருப்பத்தை, வாக்கை அல்ல. ஆயுள் முழுவதும் என்று சொன்னால் என்னால் முடியாது. இன்று இரவு வரை என்றால் முயன்று பார்க்கலாம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் அறிந்தேன். 1935ஆம் ஆண்டு மே மாதம், பில் வில்சன் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தைத் தொழிலர், வேலையாக ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகருக்குப் போயிருந்தார். அவர் குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன வேலை தோற்றுவிட்டது. தங்கியிருந்த விடுதியின் கூடத்தில் நிற்கும்போது மதுக்கூடத்தின் சத்தம் காதில் விழுகிறது. அங்கே போகாமல் இருப்பதற்காக அவர் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். பில் அவரைத் திருத்தப் போகவில்லை, தாம் குடிக்காமல் இருப்பதற்காகவே போனார். சந்திப்புக்குப் பிறகும் டாக்டர் பாப் ஒரு முறை குடித்துவிட்டுத்தான் திரும்பினார். அவர் கடைசியாகக் குடித்ததாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10ஆம் தேதியே ஏ.ஏ.வின் தொடக்க நாள். இந்தியாவில் இது 1957இல் வேரூன்றியது. அந்த அண்ணன் இருபது நிமிடத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தது என்மீது கொண்ட இரக்கத்தால் மட்டும் அல்ல, அவரும் அன்று குடிக்காமல் இருப்பதற்காகத்தான் என்று தெரிந்தபோது, எனக்கு இருந்த தாழ்வு மனப்பான்மை பெரிதும் நீங்கியது.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஐந்தாவது கூட்டத்தில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் உள்ளே நுழைந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவர் என்னைக் கண்டதும் திரும்பிப் போக முனைந்தார். என்னை அவர் பார்த்த அதே இடத்தில்தான் அவரையும் நான் பார்த்தேன் என்பது எங்கள் இருவருக்கும் சற்று நேரம் கழித்தே உறைத்தது. அந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ள விரும்புகிறவர் முதலில் வேறு ஊர்க் கூட்டத்திற்குப் போகலாம். நான் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் பேருந்தில் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மதம் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஊர்களில் கூட்டத்திற்கு இடம் தருவது தேவாலய வளாகமாகவோ கிறித்தவப் பள்ளியாகவோ இருப்பதால், மதம் மாற்றுவார்களோ என்று என் அம்மா அஞ்சினார். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல; அரசியலிலும் அது கருத்துச் சொல்வதில்லை, மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம்கூட அந்த அறைக்குள் நடப்பதில்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் வழியான பன்னிரண்டு படிகளில் நம்மைவிட மேலான ஒரு சக்தியைப் பற்றிய பேச்சு வரும். அதை முருகன் என்று கொள்பவரும் உண்டு, இயேசு என்று கொள்பவரும் உண்டு; கடவுள் நம்பிக்கை இல்லாதவர், தனியாளைவிடப் பெரியதான அந்தக் குழுவையே அந்தச் சக்தியாகக் கொள்ளலாம். நான் இன்றும் மாலை போடுகிறேன். ஆனால் குடிக்காமல் இருப்பதற்காகப் போடுவதில்லை.

கட்டணம் இல்லை. கூட்டத்தின் முடிவில் ஒரு பை சுற்றி வரும். முடிந்தவர் முடிந்ததைப் போடலாம், புதியவர் போட வேண்டியதே இல்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பதும் அவர்கள் மரபு. எனவே ஏ.ஏ. என்று சொல்லிக்கொண்டு யாராவது சேர்க்கைப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். அதைப் போலவே, உள்நோயாளியாகச் சேர்க்கும் மையத்தைத் தேடுகிறவர்கள், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அது பதிவு பெற்றதா, மருத்துவர் உண்டா, வீட்டார் நோயாளியைப் பார்க்க விடுகிறார்களா என்று கேட்டுவிட்டே சேர்க்க வேண்டும். அடித்துக் குடியை நிறுத்துகிறேன் என்கிறவரிடம் யாரையும் ஒப்படைக்கக் கூடாது.

2019 ஆகஸ்டில் என் தாய்மாமன் இறந்தார். துக்க வீட்டில் இரவு முழுதும் விழித்திருந்தேன், சாப்பிடவில்லை. சுடுகாட்டு வேலைகள் முடிந்து வந்ததும் யாரோ நீட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். ஏழு மாதம் குடிக்காமல் இருந்தவன் பதினோரு நாள் குடித்தேன். இந்த முறை யாரிடமும் நான் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. ஆகவே உடைந்து போனதாக எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அந்த அண்ணனை அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "டாக்டரைப் பாத்தீங்களா?" என்பது, இரண்டாவது, "ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?" என்பது. கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் தேநீரை என் பக்கம் நகர்த்தினார். அன்றிலிருந்து மீண்டும் ஒன்று என்று எண்ணத் தொடங்கினேன். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் கவனிக்கச் சொல்லுவார்கள். அந்த இரவில் கோபத்தைத் தவிர மற்ற மூன்றும் என்னிடம் இருந்தன. துக்க வீட்டுக்கும் திருமணத்துக்கும் போகும் முன் சாப்பிடுவதும், உடன் ஒருவரை அழைத்துப் போவதும், திரும்பும் நேரத்தை முன்பே தீர்மானிப்பதும் இப்போது என் பழக்கம்.

அந்த அண்ணன் எனக்கு ஸ்பான்சர் ஆனார். அதாவது படிகளில் நம்மைக் கைப்பிடித்து அழைத்துப் போகும் மூத்த உறுப்பினர். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் இருப்பதே நல்லது. தினமும் மாலை ஆறு மணிக்கு அழைப்பேன். ஆலையிலிருந்து வெளியே வந்து கடைப் பக்கம் கால் திரும்பும் நேரம் அது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, மதுக்கடைகளோடு கூட்டங்களும் நின்றபோது இந்தத் தொலைபேசிதான் எங்களைக் காப்பாற்றியது. ஐந்தாறு பேர் ஒரே அழைப்பில் சேர்ந்து பேசினோம். மே 7 அன்று கடைகளைத் திறந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்த பின் 16ஆம் தேதி மீண்டும் திறந்தன. அந்தப் பத்து நாட்களில் நாளுக்கு மூன்று முறை பேசிக்கொண்டோம். இணையவழிக் கூட்டங்கள் அப்போது பரவி இன்றும் தொடர்கின்றன. கிராமத்தில் இருப்பவர்களுக்கும், வெளிநாட்டில் வேலை செய்யும் தமிழர்களுக்கும், தெரு அறிய வர முடியாத பெண்களுக்கும் அவை உதவுகின்றன. ஆனாலும் மாதம் ஒரு முறையேனும் நேரில் போகும்படி சொல்லுவேன். திரையில் ஒருவர் கை நடுங்குவது தெரியாது.

என் மனைவிக்குத் தனியாக உதவி தேவைப்பட்டது என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். பில் வில்சனின் மனைவி லோயிஸ், தம்மைப் போன்ற குடும்பத்தாருக்காக 1951இல் அல்-அனான் என்ற அமைப்பைத் தோழி ஒருவருடன் சேர்ந்து தொடங்கினார். சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பின் 1980இல் சிகிச்சைக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார், டி.டி.கே. மருத்துவமனை என்று அது அறியப்படுகிறது. என் மனைவி அல்-அனான் கூட்டங்களுக்குப் போன பிறகு என் சட்டைப்பையைச் சோதிப்பதையும் வாயை முகர்ந்து பார்ப்பதையும் நிறுத்தினார். அது எனக்காகச் செய்ததல்ல, தம் தூக்கத்துக்காகச் செய்தது என்று அவரே சொல்லுவார்.

எல்லாக் குழுவும் எல்லோருக்கும் பொருந்தாது. நான் போன ஒரு கூட்டத்தில் ஒருவரே முக்கால் மணி நேரம் பேசினார். அதற்காக ஏ.ஏ.வே சரியில்லை என்று முடிவு கட்டாமல் வேறு கூட்டத்தைப் பார்க்க வேண்டும். குறைந்தது ஆறு முறை போன பிறகே தீர்மானியுங்கள். வழியில் கடை இல்லாத தெருவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இன்றும் இரண்டு தெரு சுற்றித்தான் போகிறேன்.

போன மாதம் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, ஒரு தாய் இருபத்தாறு வயது மகனோடு வாசலில் நின்றார். அவர்கள் சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். அந்த அம்மா இடுப்பில் செருகியிருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்து நீட்டி, "இதுமேல அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்கய்யா, நீங்க சொன்னா கேப்பான்" என்றார். அந்தப் பையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அது உங்ககிட்டயே இருக்கட்டும்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை ஆறரைக்கு வரட்டும், போதும்" என்றேன். கூட்டம் எட்டு மணிக்கு முடிந்துவிடும், பேருந்துக்கு நேரம் இருக்கும் என்பதையும் சொன்னேன். அவன் என் எண்ணைத் தன் கைப்பேசியில் பதிய முயன்றபோது விரல்கள் நிற்காமல் நடுங்கின. மூன்று முறை தவறாக அழுத்தினான். கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேட்டேன். நேற்று இரவு என்றான். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை விட்டுவிட்டு, அப்போதே மூவரும் அரசு மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்தோம்.